கார்டு வேகமா, ஸ்லாட் வேகமா? லினக்ஸில் யுஎஸ்பி கார்டுகளை ஒப்பிடுவது எப்படி

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் வந்துட்டாலே எல்லார் கையிலும் ஒரு எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி இருக்கும். டேட்டாசெட், வீடியோ, விர்ச்சுவல் மெஷின் இமேஜ் என்று ஒரு ஆளுக்கு 100 ஜிபி சாதாரணம். ஆனால் லேபிலும் வீட்டிலும் இருக்கிற டெஸ்க்டாப்புகள் பல பத்து வருஷம் தாண்டியவை. அதில் யுஎஸ்பி 2.0 போர்ட் மட்டும்தான். அந்த போர்ட்டில் விநாடிக்கு 35 எம்பி வந்தால் பெரிய விஷயம். 100 ஜிபி காப்பி ஆக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே எஸ்எஸ்டி விநாடிக்கு 400 எம்பி கொடுத்தால் நாலு நிமிஷம் பத்து விநாடியில் வேலை முடிஞ்சிடும்.

இதுக்கு உடனே எல்லாரும் சொல்ற தீர்வு, "ஒரு யுஎஸ்பி எக்ஸ்பான்ஷன் கார்டு வாங்கிப் போடுடா." சரியான யோசனைதான். மதர்போர்டில் காலியா இருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகினால் நாலு நீல நிற போர்ட் கிடைக்கும். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் சில நூறு ரூபாய்க்கும் கார்டு இருக்கு, சில ஆயிரத்துக்கும் இருக்கு. ஒரு பெட்டியில் 5 ஜிபிபிஎஸ், இன்னொன்றில் 10 ஜிபிபிஎஸ். இரண்டு மடங்கு வேகம் என்று நம்பி இரண்டு மடங்கு காசு கொடுப்பதற்கு முன்னால், உங்க கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல பழைய மெஷின்களில் ஒரே வேகம்தான். நம்ம திருப்புட்குழி பக்கத்திலிருந்து கார்டு வாங்க சென்னை போய் வர ஒரு முழு நாள் போயிடும். அதனால இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பெட்டியில் இருக்கிற நம்பர்

முதலில் பிட், பைட் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 5 ஜிபிபிஎஸ் என்பது விநாடிக்கு 5 ஜிகா பிட். எட்டால் வகுத்தால் 625 எம்பி வரணும். ஆனால் யுஎஸ்பி 3.0 ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்பும். ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. மீதி 500 எம்பி. 10 ஜிபிபிஎஸ் வகையில் 128 பிட்டுக்கு 132 பிட் என்ற முறை. அதனால் சேதாரம் குறைவு, சுமார் 1,212 எம்பி வரை போகும். பழைய 2.0-வுக்கு 480 எம்பிபிஎஸ் என்று பெயர். ஆனால் ஒரு விநாடியை 8,000 துண்டாக்கி, துண்டுக்கு அதிகபட்சம் 512 பைட் பாக்கெட் 13 என்ற கணக்கில்தான் அது டேட்டா அனுப்பும். பெருக்கிப் பாருங்க: 53 எம்பி. அதுவும் தியரியில்.

பெயர்களை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. 2008-ல் யுஎஸ்பி 3.0 என்று வந்ததே பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதுக்கப்புறம் 3.2 ஜென் 1 ஆனது. மூணும் அதே 5 ஜிபிபிஎஸ்தான். "3.2 கார்டு" என்று கடைக்காரர் சொன்னால், "ஜென் 1-ஆ, ஜென் 2-ஆ?" என்று திருப்பிக் கேளுங்க. அவருக்குத் தெரியலைன்னா சிப் நம்பரைப் பாருங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

உள்ளே போற ரோடு

பாலுசெட்டி சத்திரத்தில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுத் திருப்புட்குழிக்குத் திரும்புற ரோட்டை நினைச்சுக்கோங்க. நெடுஞ்சாலையில் வண்டி எவ்வளவு வேகமா வந்தாலும், விஜயராகவப் பெருமாள் கோயில் வரைக்கும் அந்த ரோடு விடுகிற அளவுக்குத்தான் உள்ளே வர முடியும். அமாவாசைக் கூட்டத்தன்னிக்குப் பார்த்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். யுஎஸ்பி கார்டில் அந்த ரோடு, கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்.

ஒரு லேனின் அளவு தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஜென் 1-ல் 250 எம்பி, ஜென் 2-ல் 500 எம்பி, ஜென் 3-ல் சுமார் 985 எம்பி. இதுவும் முழுசா கைக்கு வராது. டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் சரிபார்ப்பும் ஒட்டணும். பாக்கெட்டில் 128 பைட் டேட்டா, அதுக்கு மேல் இருபத்துச் சொச்சம் பைட் சுமை என்று வைத்தால் 84 சதவீதம் போலத்தான் மிஞ்சும். ஆக ஜென் 1 ஒரு லேனில் 200 எம்பி, ஜென் 2 ஒரு லேனில் 400 எம்பி என்று மனசில் வச்சுக்கோங்க. இந்த இரண்டு நம்பர்தான் இந்தக் கட்டுரைக்கே அச்சாணி.

இப்போ நம்ம ஊர் மெஷின்களுக்கு வருவோம். ஜி31, ஜி41 சிப்செட் போர்டுகள் இன்னும் பல இடங்களில் ஓடிக்கிட்டிருக்கு. அவற்றில் இருக்கிற குட்டி ஸ்லாட், அதாவது எக்ஸ் 1, ஜென் 1 வகை. அங்கே 5 ஜிபிபிஎஸ் கார்டு போட்டாலும் 10 ஜிபிபிஎஸ் கார்டு போட்டாலும் 200 எம்பிதான். அதுக்கு அடுத்து 2011-ல் வந்த எச்61. இதில் எக்ஸ் 1 ஸ்லாட் ஜென் 2, ஆக 400 எம்பி. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யுஎஸ்பி 3.0-ஐ வைத்தது 2012-ல் வந்த 7 சீரிஸிலிருந்துதான். அதனால் அதுக்குப் பிந்தைய போர்டு உங்களிடம் இருந்தால், கார்டு வாங்குவதற்கு முன்னால் கேபினெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்க. நீல போர்ட் ஏற்கனவே இருக்கலாம். முன்பக்க போர்ட்டில் மட்டும் செருகிப் பழகினவங்களுக்கு இது தெரியாமலே போயிடுது.

எச்61-ல் ஒரு வசதி உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளமான எக்ஸ் 16 ஸ்லாட் நேரா பிராசஸருக்குப் போகிறது. ஆன்போர்டு டிஸ்ப்ளேயை வைத்து ஓட்டுகிறவங்களுக்கு அந்த ஸ்லாட் காலியாத்தான் இருக்கும். ஜென் 3 ஆதரவுள்ள ஐவி பிரிட்ஜ் பிராசஸரும் அதுக்கேற்ற பயாஸும் இருந்தால் அங்கே ஜென் 3 கிடைக்கும். 10 ஜிபிபிஎஸ் கார்டுக்குச் சரியான இடம் அதுதான்.

வாங்கும் முன் லினக்ஸிடம் கேளுங்க

நம்மில் சிலருக்கு லினக்ஸ் அறிமுகமானதே அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த அரசு மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸ் வழியாத்தான். சென்னை சிடாக்கில் உருவாக்கியது அது. டெபியன் குடும்பம் என்பதால் பாஸ், உபுண்டு, மிண்ட் எதுவாக இருந்தாலும் கீழே சொல்கிற கட்டளைகள் ஒன்றுதான். யுஎஸ்பி 3.0 விஷயத்தில் லினக்ஸுக்கு ஒரு பெருமையும் உண்டு. சாரா ஷார்ப் எழுதிய எக்ஸ்எச்சிஐ டிரைவர் 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. யுஎஸ்பி 3.0-ஐ முதலில் ஆதரித்த ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ்தான். அந்த ஒரே டிரைவர் எல்லாக் கம்பெனி கார்டுக்கும் பொருந்தும். கார்டோடு வருகிற குட்டி சிடியைத் தொடவே வேண்டாம்.

டெர்மினலைத் திறந்து, சூடோ போட்டு, எல்எஸ்பிசிஐ மைனஸ் விவி கொடுங்க. நீளமா ஓடும். அதில் யுஎஸ்பி கன்ட்ரோலர் என்ற பகுதியைத் தேடுங்க. அங்கே லிங்க் பற்றி இரண்டு வரி இருக்கும். 'கேப்' என்று முடிகிற முதல் வரி, கார்டு எவ்வளவு தாங்கும் என்பது. 'எஸ்டிஏ' என்று முடிகிற இரண்டாவது வரி, இப்போ உண்மையில் எவ்வளவில் ஓடுகிறது என்பது. 2.5 ஜிடி என்றால் ஜென் 1, 5 என்றால் ஜென் 2, 8 என்றால் ஜென் 3. பக்கத்திலேயே எத்தனை லேன் என்றும் இருக்கும். முதல் வரியில் 8, இரண்டாவதில் 5 என்று வந்து, பக்கத்தில் 'டவுன்கிரேடட்' என்று எழுதியிருந்தால் புரிஞ்சுக்கோங்க: கார்டு வேகமானது, ஸ்லாட் அதைப் பிடிச்சு இழுக்குது.

கார்டே இன்னும் வாங்கலையா? அப்பவும் பார்க்கலாம். அதே லிஸ்டில் பிசிஐ பிரிட்ஜ் என்று வருகிற ரூட் போர்ட்டுகளின் 'கேப்' வரியைப் படிச்சாலே ஸ்லாட்டுகளின் தலைமுறை தெரிஞ்சிடும்.

அடுத்து எல்எஸ்யுஎஸ்பி மைனஸ் டி. இது மரம் மாதிரி வரைஞ்சு காட்டும். ஒவ்வொரு டிவைஸுக்கும் வலது ஓரத்தில் வேகம் இருக்கும்: 480, 5000 அல்லது 10000 எம். எஸ்எஸ்டி 480-ல் நின்னா கார்டைத் திட்டாதீங்க. முதல் குற்றவாளி கேபிள்தான். ஏ டைப் பிளக்கை மெதுவாகச் செருகினாலும் இது நடக்கும், ஏன்னா 2.0-வின் நாலு பின்னும் முதலில் தொடும், 3.0 பின்கள் உள்ளே பின்னாடி இருக்கு. பிடுங்கிட்டு ஒரே அழுத்தாகச் செருகிப் பாருங்க.

அதே வரியில் டிரைவர் பெயரையும் கவனிக்கணும். யுஏஎஸ் என்று இருந்தால் நல்லது. வெறும் யுஎஸ்பி ஸ்டோரேஜ் என்று இருந்தால் பழைய முறை. பழைய முறையில் ஒரு கட்டளை முடிஞ்சு பதில் வந்தாத்தான் அடுத்த கட்டளை போகும், ரேஷன் கடையில் ஒரே ஒரு பில் போடுற ஆள் மாதிரி. யுஏஎஸ்-ல் பல கட்டளைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கலாம். பெரிய ஒரே ஃபைலைக் காப்பி பண்ணும்போது இந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் என்றால் நல்லாவே தெரியும். இரண்டு கார்டை ஒப்பிடும்போது ஒன்றில் யுஏஎஸ், இன்னொன்றில் பழைய முறை என்று இருந்தால் அந்த ஒப்பீட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

சிப் நம்பர்தான் ஜாதகம்

கார்டின் மேல் என்ன பிராண்டு ஸ்டிக்கர் இருந்தாலும், நடுவில் இருக்கிற கறுப்புச் சிப் யாருடையது என்பதுதான் முக்கியம். வியா விஎல்805, ரெனெசாஸ் யுபிடி720201 இரண்டும் நாலு போர்ட், 5 ஜிபிபிஎஸ், ஜென் 2 ஒரு லேன். ஏஎஸ்மீடியாவில் 1042 பழைய 5 ஜிபிபிஎஸ். 1142 என்பது 10 ஜிபிபிஎஸ், ஆனால் ஜென் 3 ஒரு லேன் அல்லது ஜென் 2 இரண்டு லேன் கேட்கும். 3142 ஜென் 3 இரண்டு லேன். 3242 என்பது 20 ஜிபிபிஎஸ், நாலு லேன்.

இப்போ 1142 போட்ட எக்ஸ் 1 கார்டை எச்61-ன் குட்டி ஸ்லாட்டில் வைங்க. ஜென் 2 ஒரு லேன், 400 எம்பி. விலை குறைந்த விஎல்805 கார்டும் அங்கே அதே 400 எம்பி சுற்றித்தான். ஜி41-ல் இரண்டுமே 200. கூடுதல் காசுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 3142 கார்டுகள் பெரும்பாலும் நாலு லேன் அளவு கனெக்டரோடு வருவதால் எக்ஸ் 1 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. அதை எக்ஸ் 16-ல்தான் வைக்கணும். ஜென் 3 கிடைச்சா முழு 10 ஜிபிபிஎஸ் அங்கே ஓடும்.

ரெனெசாஸ் கார்டுகளில் சிலதுக்கு ஃபர்ம்வேர் வைக்கத் தனி ரோம் சிப் இருக்காது. கார்டு எல்எஸ்பிசிஐ-ல் தெரியும், போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும். 2020-ல் வந்த 5.8 கெர்னலிலிருந்து லினக்ஸே ஃபர்ம்வேரை ஏற்றிக்கொடுக்கும், ஆனால் அந்த ஃபைலை நீங்க கொண்டுவந்து வைக்கணும். பழைய கெர்னல் வைத்திருக்கிறவங்க இந்த வம்புக்குப் போகாமல் வேறு சிப்பைப் பார்ப்பது உத்தமம்.

அளக்கிற முறை

பென் டிரைவை வைத்து கார்டை அளக்காதீங்க. பல பென் டிரைவ்கள் எழுதும்போது பழைய 2.0-வையே நிரப்பாது. மாட்டு வண்டியை ஓட்டிப் பார்த்து ரோட்டுக்கு மார்க் போடுற கதை அது. கார்டைவிட வேகமான ஒன்று வேணும். 5 ஜிபிபிஎஸ் கார்டுக்கு நல்ல சாட்டா எஸ்எஸ்டி போதும். 10 ஜிபிபிஎஸ் என்றால் 10 ஜிபிபிஎஸ் பெட்டியில் போட்ட என்விஎம்இ எஸ்எஸ்டி.

ஆரம்பத்துக்கு எச்டிபார்ம் மைனஸ் டி போதும். டி சின்ன எழுத்து! பெரிய எழுத்து டி போட்டால் உங்க ரேம் வேகத்தைக் காட்டும், விநாடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி என்று வரும், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டுக்கலாம், வேற உபயோகம் இல்லை. ஃபைலை இரண்டாவது தடவை படிக்கும்போது திடீர்னு பல மடங்கு வேகம் வருவதும் இதே ரேம் கேச் வேலைதான். டிடி கட்டளையில் படிக்கும்போது 'டைரக்ட்' ஃப்ளாகும், பிளாக் அளவு 1 எம்பியும் கொடுத்தால் கேச் குறுக்கே வராது. எழுதிப் பார்க்கணும்னா மவுண்ட் பண்ணின டிஸ்க்குக்குள் ஒரு ஃபைலாக மட்டும் எழுதுங்க, கடைசியில் 'எஃப்சிங்க்' சேர்த்துக்கோங்க. டிடி-யில் இன்புட், அவுட்புட் இரண்டும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அவுட்புட் இடத்தில் டிஸ்க்கின் பெயரையே கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பார்ட்டிஷன் டேபிளிலிருந்து அழிச்சுக்கிட்டே போகும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் புராஜெக்ட் இருக்கிற எஸ்எஸ்டியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

குட்டி ஃபைல் வேகத்துக்கு எஃப்ஐஓ என்ற டூல் இருக்கு. 4 கேபி, ரேண்டம் ரீட், வரிசை ஆழம் 32 என்று கொடுங்க. யுஏஎஸ் இருக்கா இல்லையா என்பது இதில் அப்பட்டமாத் தெரியும்.

ஒவ்வொரு கார்டையும் அதே எஸ்எஸ்டி, அதே கேபிள், அதே ஸ்லாட், அதே கெர்னலோடு மூணு தடவை ஓட்டி நடு மதிப்பை எடுங்க. விலை குறைந்த எஸ்எஸ்டி எழுதும்போது முதல் சில ஜிபி வேகமாப் போய் அப்புறம் படுத்துடும். அதனால் கார்டுக்கு மார்க் போட, படிக்கிற வேகத்தையே எடுத்துக்கிறது நல்லது.

ரெண்டு எஸ்எஸ்டி சேர்ந்து ஓடினால்

பெரும்பாலும் யாரும் செய்யாத, ஆனால் ரொம்ப உபயோகமான டெஸ்ட் இது. இரண்டு போர்ட்டில் இரண்டு எஸ்எஸ்டி போட்டு, இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் படிக்க விடுங்க. ஒரு லேன் கார்டில் தனியா ஓடும்போது 400 காட்டினது, இப்போ ஆளுக்கு 200 என்று பிரிஞ்சிடும். நாலு போர்ட் என்பது நாலு வாசல், ரோடு ஒன்றுதான். ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி பண்ணும்போது மட்டும் இவ்வளவு மோசமா இருக்காது, ஏன்னா லேனில் போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி.

இதைக் கண்ணால் பார்க்க நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு போர்டு இருக்கு. 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ன் நீல போர்ட் இரண்டுக்கும் பின்னால் இருப்பது அதே விஎல்805 சிப், அதே ஜென் 2 ஒரு லேன். கடையில் விற்கிற குறைந்த விலைக் கார்டை அப்படியே போர்டில் ஒட்டி வைத்த மாதிரி. 2023-ல் வந்த பை 5-ல் ஆர்பி1 என்ற சொந்தச் சிப், ஜென் 2 நாலு லேன், இரண்டு நீல போர்ட்டுக்கும் தனித்தனி கன்ட்ரோலர். போர்ட் எண்ணிக்கை அதேதான், நீல போர்ட்டின் 5 ஜிபிபிஎஸ் நம்பரும் அதேதான், ஆனால் இரண்டு எஸ்எஸ்டி சேர்ந்து ஓடும்போது பை 4 பங்கு போடும், பை 5 இரண்டுக்கும் முழுசாகக் கொடுக்கும். ஐஓடி லேபில் இரண்டு போர்டும் இருந்தால் ஒரு மதியத்தில் செய்து பார்த்துடலாம்.

ஏழு போர்ட் கார்டுகள் பலவற்றில் உள்ளுக்குள்ளேயே ஒரு ஹப் உட்கார்ந்திருக்கும். எல்எஸ்யுஎஸ்பி மரத்தில் நீங்க எதுவும் செருகாமலே ஹப் ஒன்று கிளையாகத் தெரிஞ்சால் அதுதான் விஷயம்.

கரண்ட்

வேகம் பற்றியே பேசிக்கிட்டிருந்தா இது விட்டுப்போயிடும். யுஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர் தரணும். நாலு போர்ட்டுக்கு 18 வாட். எக்ஸ் 1 கார்டு ஸ்லாட்டிலிருந்து ஆரம்பத்தில் எடுத்துக்க அனுமதி 10 வாட். மீதி எங்கிருந்து வரும்? அதுக்குத்தான் கார்டின் ஓரத்தில் சாட்டா பவரோ பழைய நாலு பின் மோலெக்ஸோ வைத்திருக்காங்க. அதை மாட்டாமல் இரண்டு டிஸ்க் சேர்த்து ஓட்டினால், காப்பி நடுவில் டிஸ்க் காணாமல் போகலாம். டிமெஸ்க் கொடுத்தால் 'டிஸ்கனெக்ட்' என்று வரி வரியா விழுந்திருக்கும். வேக டெஸ்ட்டில் நம்பர் ஏறி இறங்கி ஆடினாலும் முதலில் இந்த ஒயரைப் பாருங்க.

ஜி41 வைத்திருக்கிறவங்க கிடைக்கிறதிலேயே விலை குறைந்த விஎல்805 கார்டு வாங்கினால் போதும். யுஎஸ்பி 2.0-வை ஒப்பிட்டால் 200 எம்பி என்பதே ஐந்து மடங்குக்கு மேல். எச்61-க்கும் அதே கார்டுதான், எக்ஸ் 16 ஸ்லாட் காலியா இருந்து கையில் என்விஎம்இ பெட்டியும் இருந்தால் மட்டும் 3142 பக்கம் போகலாம். டெஸ்ட் பண்ணினவங்க அடுத்த இதழுக்கு ரிசல்ட் அனுப்பும்போது எம்பி நம்பரை மட்டும் அனுப்பாதீங்க. சிப் நம்பர், லிங்க் பற்றிய அந்த இரண்டு வரி, எல்எஸ்யுஎஸ்பி மரம், கெர்னல் வெர்ஷன் இந்த நாலும் கூட இருந்தால்தான் உங்க 380-ஐயும் இன்னொருத்தர் 190-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.